வரப்புக்கு அடங்காத கோடு: வானிலிருந்து பழைய கோட்டைகளைத் தேடுவது எப்படி

நில அளவைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். ஆற்காடு, ஆரணி, போளூர், குடியாத்தம் என்று பழைய வட ஆற்காடு மாவட்டத்தின் பல ஊர்களில் சங்கிலி பிடித்து அளந்திருக்கிறேன். ஒரு நிலத்தைப் பார்த்தால் மற்றவர்களுக்குப் பயிர் தெரியும். எங்களுக்கு முதலில் எல்லை தெரியும். வரப்பு எங்கே போகிறது, எங்கே திரும்புகிறது, ஏன் அங்கே திரும்புகிறது என்றுதான் கண் போகும். இப்போது அதே கண்ணோடு செயற்கைக்கோள் படங்களைப் பார்க்கிறேன். மண்ணுக்குள் போய்விட்ட சிறு கோட்டைகளை அதில் தேடுகிறேன். வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை ஆகிய நான்கு மாவட்டங்களில் இருப்பவர்கள் யார் வேண்டுமானாலும் இதைச் செய்யலாம். எப்படி என்று சொல்கிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். இந்த முறையை நாம் கற்றுக்கொள்வது ரோமானியக் கோட்டைகளைத் தேடியவர்களிடமிருந்து. அதற்காக இங்கே ரோமானியக் கோட்டை கிடைக்கும் என்று யாரும் கிளம்ப வேண்டாம். ரோமர்கள் நம் கரைக்கு வணிகத்துக்காக வந்தார்கள். புதுச்சேரியை ஒட்டிய அரிக்கமேட்டில் 1945-இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது கிடைத்தவை இத்தாலிய மட்கலங்களும் மதுச்சாடிகளின் உடைசல்களும்தான். முல்லைப்பாட்டில் மன்னனின் கூடாரத்தைக் காக்கும் யவனர்கள் வருகிறார்கள்; அவர்கள் தமிழ் மன்னனிடம் கூலிக்கு நின்றவர்கள். அந்தப் பாசறையின் வேலி முள்ளால் ஆனது என்பதையும் கவனியுங்கள். காட்டை வெட்டி, முள்ளைக் குவித்து, போர் முடிந்ததும் விட்டுவிட்டுப் போன பாசறைக்கு மேலிருந்து பார்த்தால் தெரியக்கூடிய தடம் எதுவும் மிஞ்சாது. ரோமானியப் படை ஒரே ஓர் இரவு தங்கினாலும் சுற்றிலும் பள்ளம் தோண்டி, அந்த மண்ணை உள்பக்கம் கரையாகப் போட்டது. இரண்டாயிரம் ஆண்டு கழித்தும் அது கிடைப்பதற்குக் காரணம் அந்தப் பள்ளம்தான். ஆகவே நம் பகுதியிலும் தேட வேண்டியவை பள்ளம் தோண்டியவர்களின் கோட்டைகள். பெரும்பாலும் பதினாறாம் நூற்றாண்டிலிருந்து பதினெட்டாம் நூற்றாண்டு வரையிலான மண்கோட்டைகள்.

முறை எப்படிப் பிறந்தது

முதல் உலகப் போரில் விமானத்தில் உளவு பார்த்தவர்கள் கீழே எதிரியின் பதுங்குகுழிகளோடு பழங்காலத் தடங்களையும் கண்டார்கள். பிரிட்டனின் நில வரைபடத் துறையில் முதல் தொல்லியல் அலுவலராக 1920-இல் சேர்ந்த ஓ.ஜி.எஸ். கிராஃபோர்டு, போரின்போது விமானத்தில் நோக்கராகப் பறந்தவர். விமானப்படை எடுத்த படங்களை வைத்து அவர் இதை ஒரு துறையாகவே வளர்த்தார். அதே காலத்தில் சிரியாவின் பாலைநிலத்துக்கு மேலே அந்துவான் புவாதெபார் என்ற பிரெஞ்சுப் பாதிரியார் 1925-இலிருந்து பறந்து பறந்து ரோமானியச் சாலைகளையும் கோட்டைகளையும் படம் எடுத்தார். 1934-இல் அவர் வெளியிட்ட தொகுப்பில் 116 கோட்டைகள் இருந்தன. இரண்டாம் உலகப் போருக்குப் பின் கேம்பிரிட்ஜில் ஜே.கே. செயின்ட் ஜோசப் என்பவர் வந்தார். அவர் படித்தது நிலவியல். வேல்ஸிலும் ஸ்காட்லாந்திலும் அவர் வானிலிருந்து கண்டுபிடித்த ரோமானியக் கோட்டைகளும் பாசறைகளும் ஏராளம்.

எனக்கு மிகவும் ஊக்கம் தந்தது 2023-இல் வந்த ஆய்வு. அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியைச் சேர்ந்த ஜெஸ்ஸி கசானாவின் குழு, 1960-களிலும் 70-களிலும் எடுத்த அமெரிக்க உளவுச் செயற்கைக்கோள் படங்களை வைத்து சிரியாவிலும் இராக்கிலும் அதுவரை பதிவாகாத 396 கோட்டைகளைக் கண்டது. புவாதெபார் பார்த்த கோட்டைகள் எல்லையைக் காக்கும் வடக்கு தெற்கான வரிசை போலத் தெரிந்தன. புதியவற்றையும் சேர்த்தால் அவை கிழக்கு மேற்காகப் பரவிக் கிடந்தன; வணிகர்களும் படைகளும் போய்வந்த வழிகளைக் காக்கும் கோட்டைகள் அவை என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அந்தக் கோட்டைகளில் பல இப்போது விளைநிலமாகவும் அணையின் நீர்ப்பரப்பாகவும் மாறிவிட்டன. பழைய படத்தில் மட்டும் இருக்கின்றன. அதே படங்கள் நமக்கும் கிடைக்கின்றன என்பதுதான் செய்தி. அதற்குப் பின்னால் வருகிறேன்.

மண் எப்படிக் காட்டிக்கொடுக்கிறது

இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள். மற்ற எல்லாமே இதை ஒட்டித்தான்.

அகழி ஒன்றை ஆறடி ஆழத்துக்குத் தோண்டி, பிறகு அது தூர்ந்துபோனது என்று வைத்துக்கொள்வோம். அதை நிரப்பியது மேலே இருந்து வழிந்துவந்த வண்டலும் மக்கிய இலையும் குப்பையும். சுற்றியுள்ள கெட்டி மண்ணைவிட இது பொலபொலவென்று ஆழமாக இருக்கும். ஈரத்தை நீண்டநாள் பிடித்து வைக்கும். மேலே உழுது சமமாக்கிய பிறகும் அந்த வேறுபாடு கீழே அப்படியே இருக்கும். மழை நன்றாகப் பெய்த ஆண்டில் வயல் முழுக்க ஒரே பச்சை, எதுவும் தெரியாது. மழை பொய்க்கும்போது மற்ற இடத்துப் பயிர் வாடும். அகழிக்கு மேலே நிற்கும் பயிர் வேரை ஆழமாக விட்டு, இன்னும் பச்சையாக, சற்று உயரமாக நிற்கும். மதிலின் கல் அடித்தளம் கீழே இருந்தால் நேர்மாறு: அங்கே வேர் இறங்க இடமில்லை, பயிர் குட்டையாகி முதலில் பழுக்கும். பிரிட்டனில் 1949, 1976, 2018 போன்ற வறண்ட கோடைகள் இந்தத் துறைக்கு அறுவடைக் காலமாக அமைந்தது இதனால்தான்.

நம் ஊரில் இது எந்தப் பயிரில் தெரியும்? கழனியில் தேடாதீர்கள். நெல்லுக்கு நீர் கட்டிவிட்டால் மேடும் பள்ளமும் ஒன்றுதான். அதோடு கழனியைச் சமப்படுத்தும்போது மேல்மண் பலமுறை புரட்டப்பட்டிருக்கும். கரும்பும் தென்னந்தோப்பும் மாந்தோப்பும் எல்லாவற்றையும் மூடிவிடும். பார்க்க வேண்டியது கொல்லை, அதாவது மழையை நம்பிய புன்செய் நிலம். மானாவாரி மல்லாட்டை (நிலக்கடலை), கேழ்வரகு, துவரை போட்ட செம்மண் கொல்லை. ஆடியில் விதைத்த மல்லாட்டைக்கு ஆவணியிலோ புரட்டாசியிலோ மழை இடைவெளி விழுந்தால், அகழி இருந்த இடம் கரும்பச்சைக் கோடாகத் தனித்து நிற்பதை வரப்பில் நின்றே பார்க்கலாம்.

ஆனால் அந்த மாதங்களில் மேகம் அதிகம். செயற்கைக்கோள் படம் தெளிவாகக் கிடைப்பது அரிது. அதனால் படத்தில் தேடுபவர்களுக்கு நான் சொல்வது தை, மாசி, பங்குனி. அறுவடை முடிந்து கொல்லை காய்ந்து கிடக்கும். அகழித் தடத்தில் மட்டும் புல்லும் களையும் இன்னும் உயிரோடு இருக்கும். சீமைக்கருவேலம் பரவிய தரிசில், மரங்கள் கோடு பிடித்து வளர்ந்திருந்தால் நின்று பாருங்கள். அடுத்த நல்ல நேரம், கோடை மழை ஒன்று பெய்து கோடை உழவு ஓட்டிய உடனே. செம்மண் நடுவே சாம்பல் கலந்த கறுப்பு மண் ஒரு பட்டையாகத் தெரிந்தால் அது பழைய அகழியாகவோ தூர்ந்த வாய்க்காலாகவோ இருக்கும். ஒரே இடத்தைப் பல ஆண்டுகளின் படங்களில் பாருங்கள். வறட்சி ஆண்டுகளுக்கு முதலிடம் கொடுங்கள். தெளிவான படத்தைவிட வறண்ட மாதத்தின் படம் மேல்.

எதைத் தேடுகிறோம்: மூலையைப் பாருங்கள்

ரோமானியக் கோட்டைக்கு ஆய்வாளர்கள் சொல்லும் அடையாளம் சீட்டுக்கட்டுச் சீட்டின் வடிவம். நேரான நான்கு பக்கம், வளைத்து முடித்த மூலைகள். புல்கட்டியும் மண்ணும் வைத்துக் கட்டிய கரையில் கூர்மையான மூலை சரிந்துவிடும். அங்கே நிற்கும் வீரனுக்குப் பக்கத்துணையும் குறைவு. அதனால் மூலையை உருட்டிவிட்டார்கள். ஒரு துணைப்படைப் பிரிவு தங்கும் கோட்டை பெரும்பாலும் ஒன்றிரண்டு ஹெக்டேர் முதல் சற்றுக் கூடுதலாக இருக்கும். ஒரு ஹெக்டேருக்கும் குறைவான சிறுகோட்டைகளில் சின்னக் காவல்படை தங்கியது. ஸ்காட்லாந்தின் அன்டோனைன் மதிலை ஒட்டிய சிறுகோட்டைகளில் பத்துப் பன்னிரண்டு பேர்தான் இருந்திருப்பார்கள் என்று கணக்கிடுகிறார்கள்.

நம் கோட்டைகள் வேறு காலத்துத் தேவைக்குக் கட்டியவை. துப்பாக்கியும் பீரங்கியும் வந்தபிறகு மதிலடிக்கு வந்துவிட்டவனைச் சுட வேண்டுமானால், மதிலைவிட வெளியே நீட்டிய கொத்தளம் வேண்டும். அதனால் நம் கோட்டையின் மூலை வெளியே புடைக்கும். வேலூர்க் கோட்டையைப் படத்தில் திறந்து பார்த்தால் மதில் முழுவதும் வட்டக் கொத்தளங்களும் வெளியே துருத்திய கட்டுமானங்களும் தெரியும். சிறிய மண்கோட்டையிலும் இதே இலக்கணம்தான்: சதுரமோ நீள்சதுரமோ, மூலைக்கு ஒரு வட்டப் புடைப்பு, சுற்றிலும் அகழி. பாளையக்காரர்களும் கில்லேதார்கள் என்ற கோட்டைத் தலைவர்களும் ஊர்ப் பெரியதனக்காரர்களும் தானியத்தையும் மாட்டையும் காக்க இப்படிக் கட்டினார்கள். கர்நாடகப் போர்களும் 1780-இல் ஹைதர் அலியின் படையெடுப்பும் நடந்த நிலம் இது. 1801-இல் ஆற்காட்டு நவாபின் ஆட்சி கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போனபிறகு சிறு கோட்டைகளுக்கு வேலை இல்லாமல் போயிற்று. மதில் கரைந்து அகழிக்குள்ளேயே விழுந்தது. அகழி சில இடங்களில் குட்டையாயிற்று, சில இடங்களில் கொல்லையாயிற்று.

மூலையை மட்டும் வைத்துக் காலத்தைச் சொல்லிவிடவும் கூடாது. ஜோர்டானில் இருக்கும் கஸ்ர் பஷீர் கி.பி. 300-ஐ ஒட்டிக் கட்டப்பட்ட ரோமானியக் கோட்டை. அதன் மூலைக் கோபுரங்கள் வெளியே துருத்தியே நிற்கின்றன. வடிவம் நம்மைச் சரியான வயலுக்குக் கொண்டுபோகும். காலம் சொல்வது மண்ணைத் தோண்டத் தெரிந்தவர்களின் வேலை.

இன்னொரு அடையாளம் வாசல். அகழிக் கோடு ஓரிடத்தில் அறுந்து, நிலம் இடைவெளியின்றிக் கடந்தால் அங்கே வழி இருந்திருக்கும். அந்த இடைவெளியிலிருந்து பழைய வண்டிப்பாதை ஒன்று ஊரை நோக்கிப் போனால் என் மனத்தில் மதிப்பெண் கூடிவிடும்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு நில அளவையாளனாக நான் பார்ப்பது இதுதான்: இன்றைய வரப்புகளுக்குக் கட்டுப்படாமல் போகும் கோடு. மூன்று பேருடைய கொல்லையைக் குறுக்கே வெட்டி, நடுவில் எந்த வரப்பிலும் நிற்காமல், ஒரே அகலத்தில் ஒரு பச்சைப் பட்டை போகிறது என்றால், அது அந்த வரப்புகளைவிட மூத்தது. இன்றைய உழவர் யாரும் அதை உண்டாக்கவில்லை.

தெரிந்ததிலிருந்து தொடங்குங்கள்

கண்ணைப் பழக்காமல் தேடினால் எல்லா இடத்திலும் கோட்டை தெரியும். முதலில் அயல்நாட்டு எடுத்துக்காட்டுகளைத் திறந்து பாருங்கள். இஸ்ரேலில் மசாடா குன்றைச் சுற்றி ரோமானிய முற்றுகைப் பாசறைகள் பாலையில் அப்படியே கிடக்கின்றன. இதைவிடத் தெளிவான பாடம் இல்லை. ஸ்காட்லாந்தின் ஆர்டாக்கில் ஒரு கோட்டையைச் சுற்றி அடுக்கடுக்கான அகழிகள் புல்வெளியில் தெரியும். பிறகு நம் ஊருக்கு வாருங்கள். வேலூர்க் கோட்டை, அதற்குக் கிழக்கே குன்றுகளின் மேல் இருக்கும் கோட்டைகள், 1760 ஜனவரியில் போர் நடந்த வந்தவாசியில் சிதைந்து கிடக்கும் கோட்டை. ஆற்காட்டில் 1751-இல் கிளைவ் முற்றுகையிடப்பட்ட கோட்டையில் இன்று கண்ணுக்குத் தெளிவாக நிற்பது பாலாற்றங்கரையின் டெல்லி கேட்தான். மதில் போன தடத்தைத் தெருக்களின் வளைவில் தேடுவது நல்ல பயிற்சி.

கருவிகள் பற்றிச் சுருக்கமாக. கணினியில் கூகுள் எர்த் ப்ரோ இலவசம். அதில் கடிகாரக் குறியை அழுத்தினால் பழைய ஆண்டுகளின் படங்கள் வரும். அளவுகோல் குறியால் நீளம் அளக்கலாம். இஸ்ரோவின் புவன் தளத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஐரோப்பாவின் சென்டினல்-2 படங்கள் பத்து மீட்டர் நுணுக்கம் மட்டுமே கொண்டவை, ஆனால் சில நாட்களுக்கு ஒருமுறை புதிய படம் வரும். எந்த வாரத்தில் கொல்லைகள் காய்ந்தன என்று அறிய அது போதும்.

மேலே சொன்ன உளவுச் செயற்கைக்கோள் படங்கள்தான் புதையல். கொரோனா என்ற பெயரில் 1960 முதல் 1972 வரை எடுத்தவை. 1995-இல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். அமெரிக்க நிலவியல் ஆய்வகத்தின் எர்த் எக்ஸ்ப்ளோரர் தளத்தில் கணக்குத் தொடங்கி, நம் பகுதியைக் குறித்துத் தேடினால், ஏற்கெனவே வருடி வைத்த படங்களை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். பிற்காலத்து கொரோனா படங்களில் இரண்டு மீட்டர் அளவுள்ள பொருள்கூடத் தெரியும். அந்தக் காலத்தில் நம் ஊர்களில் இத்தனை ஆழ்துளைக் கிணறு இல்லை, ஜேசிபி இல்லை, மனைப்பிரிவு இல்லை. கொல்லைகள் பழைய மேடுபள்ளத்தோடு இருந்தன. படம் நீண்ட பட்டையாக, கறுப்பு வெள்ளையில், திசை கோணலாக வரும். எந்த ஊர் என்றே முதலில் புரியாது. ஏரிகளைப் பிடித்துக்கொள்ளுங்கள். காவேரிப்பாக்கம் ஏரியின் கரை வடிவம் அன்றும் இன்றும் ஒன்றுதான். ஏரியையும் மலையையும் பொருத்திவிட்டால் மற்ற எல்லாம் தானாக இடத்தில் உட்காரும்.

நிழல்

மண்கரை இன்னும் முழங்கால் உயரமாவது மிச்சமிருந்தால் நிழல் அதைக் காட்டும். உயர்நுணுக்கப் படங்களை எடுக்கும் செயற்கைக்கோள்களில் பல, முற்பகல் பத்தரை மணியை ஒட்டி நம்மைக் கடக்கின்றன. மார்கழியில் அந்நேரத்தில் வேலூருக்கு மேலே சூரியன் ஏறத்தாழ 46 பாகை உயரத்தில் இருக்கும். ஒரு மீட்டர் கரைக்கு ஒரு மீட்டர் நிழல் விழும். சித்திரை, வைகாசியில் அதில் பாதிதான். ஆகவே நிழலுக்கு மார்கழி, தை.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. மார்கழியில் சூரியன் தென்கிழக்கில். நிழல் வடமேற்கே, அதாவது படத்தின் மேல் இடது மூலையை நோக்கி விழும். வெளிச்சம் மேலிருந்து வருகிறது என்றே நம் கண் எடுத்துக்கொள்வதால், பள்ளம் மேடாகவும் மேடு பள்ளமாகவும் தெரியும். அகழியை மதில் என்று எழுதிவைப்பவர்கள் இதனால்தான் எழுதுகிறார்கள். படத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். அருகில் ஒரு கிணறும் ஒரு வீடும் இருந்தால் அவற்றை முதலில் சரிபாருங்கள். கிணறு பள்ளமாகத் தெரிந்தால் மற்றதையும் நம்பலாம்.

ஏமாற்றும் கோடுகள்

நம் பகுதியில் கோட்டை வேடம் போடும் பொருட்கள் நிறைய. உடைந்த ஏரிக்கரை முதலிடம். அது பெரும்பாலும் வில்லாக வளைந்து, சரிவின் கீழ்ப்பக்கம் மட்டும் இருக்கும், நான்கு பக்கமும் சுற்றாது. கரையின் ஓரத்தில் கலிங்கும் மதகும் இருந்த தடம் கிடைத்தால் கேள்வியே இல்லை. காவிரிக் கூட்டுக் குடிநீர்க் குழாய் பதித்த பள்ளம் நேர்கோடாக மைல் கணக்கில் ஓடும். மூடிய பள்ளம் என்பதால் பயிர் அதன்மேலும் பச்சையாகவே நிற்கும். பழைய செங்கல் சூளை கருகிய சதுரமாகத் தெரியும். ஆட்டுப்பட்டி போட்ட இடம் எருவேறிக் கரும்பச்சையாக நிற்கும், ஆனால் உள்ளே முழுவதும் பச்சை, விளிம்பு மட்டும் அல்ல. பாலாற்றை ஒட்டி ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் தோல் தொழிற்சாலைக் கழிவால் உப்புப் பூத்த நிலங்கள் திட்டுத் திட்டாக வெளுத்திருக்கும். அங்கே பயிரின் நிறத்தை நம்பி எதையும் முடிவு செய்யாதீர்கள். கோட்டையின் கோடு மூடிய வடிவம்; அகலம் மாறாது; மூலை ஒழுங்காக இருக்கும்.

ஊரின் ஆவணம்

படத்தில் ஒன்று பிடிபட்டதும் அந்த இடத்தின் புல எண்ணைக் கண்டுபிடியுங்கள். எஃப்.எம்.பி. என்று எல்லோரும் சொல்லும் புலப்படம் தமிழக அரசின் இணையச் சேவையில் கிடைக்கிறது. அதைப் படத்தின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வரப்பை நாங்கள் அளக்கும்போது நேர்கோட்டிலிருந்து விலகும் ஒவ்வொரு வளைவுக்கும் ஆஃப்செட், அதாவது அந்தக் கோட்டிலிருந்து செங்குத்தான தூரம், எடுத்துக் குறிப்போம். காரணமில்லாமல் வரப்பு வளையாது. ஓடையும் பாறையும் இல்லாத கொல்லையின் நடுவே ஓர் எல்லைக்கோடு அரைவட்டமாகச் சுற்றிப் போனால், முதன்முதலில் அளந்தபோது அங்கே சுற்றிப்போக ஏதோ இருந்திருக்கிறது. திமிரிக்குத் தெற்கே ஓர் ஊரில் நான் பார்த்த இடம் இப்படித்தான்: கொரோனா படத்தில் ஒரு சதுரம், பக்கத்துக்கு அறுபது மீட்டர் அளவில், இன்றைய படத்தில் அதன் இரண்டு பக்கம் மட்டும் மாசி மாதத்தில் பச்சைக் கோடாக, புலப்படத்தில் தென்கிழக்கு மூலையில் வரப்பு ஒரு புடைப்பைச் சுற்றி வளைகிறது. மூன்றும் ஒரே இடத்தில் விழுந்தன. அந்த ஊரின் பெயரை நான் எழுதவில்லை. புதையல் தேடுபவர்கள் இரவோடு இரவாகக் குழி வெட்டிவிடுவார்கள்.

கிராம வரைபடத்தையும், ஊரின் நிலங்களைப் புல எண் வாரியாகப் பதிந்த 'அ' பதிவேட்டையும் பாருங்கள். கொல்லைகளுக்கு ஊரார் வைத்த பெயர்களைக் கேளுங்கள். கோட்டைமேடு, கோட்டைக்கொல்லை, பீரங்கிமேடு என்று ஒரு பெயர் வந்தால், அந்தப் பெயரோடு படத்தை மறுபடி திறந்து பாருங்கள்.

மலை ஏறுங்கள், ட்ரோன் வேண்டாம்

ட்ரோன் பறக்கவிடலாமா என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். 2021 ட்ரோன் விதிகளின்படி, எங்கே பறக்கலாம் என்று நிறத்தால் காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் அந்த இடம் எந்த நிறத்தில் இருக்கிறது என்று பார்க்காமல் எதையும் மேலே அனுப்பக் கூடாது. அரக்கோணத்தில் ஐ.என்.எஸ். ராஜாளி கடற்படை வானூர்தித் தளம் இருக்கிறது. அந்தப் பக்கம் ஆசையே வேண்டாம். ஊராரும் ட்ரோனைக் கண்டால் நிலம் எடுக்க வந்துவிட்டார்கள் என்று அஞ்சுகிறார்கள். சாலைக்காக நிலம் கொடுத்தவர்கள் அருகிலேயே இருக்கிறார்கள், அவர்கள் அச்சம் நியாயமானது.

நமக்கு ட்ரோனைவிட நல்லது ஒன்று இருக்கிறது: மலை. சோளிங்கர், வள்ளிமலை, ரத்தினகிரி, படவேட்டைச் சுற்றிய குன்றுகள் என எங்கு ஏறினாலும் கீழே கொல்லைகள் விரிந்து கிடக்கும். செயற்கைக்கோளுக்குக் கிடைக்காத காலை ஆறரை மணி வெயில் நமக்குக் கிடைக்கும். அந்தச் சாய்ந்த ஒளியில் ஒரு சாண் மேடுகூட நிழல் வீசும். கைபேசியில் படம் எடுக்கும்போது ஏரிக்கரை, கோயில் கோபுரம், கூட்டு ரோடு என அசையாத ஒன்று சட்டத்துக்குள் வருமாறு எடுங்கள். வீட்டுக்கு வந்து எந்தக் கொல்லை என்று குறிக்க அது வேண்டும். தேதியும் நேரமும் எழுதிவையுங்கள்.

நேரில் போகும்போது

நிலத்துக்காரரிடம் கேட்காமல் வரப்பைத் தாண்டாதீர்கள். "நிலத்தை எடுத்துக்கொள்வீர்களா சார்?" என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும். "இல்லை ஐயா, எனக்கு அந்த அதிகாரமே இல்லை. பழைய கோட்டை இருந்ததா என்று பார்க்கிறேன். கண்டால் தொல்லியல் துறைக்கு எழுதுவேன், உங்களிடம் சொல்லிவிட்டுத்தான் எழுதுவேன்" என்று உள்ளதைச் சொல்லுங்கள். படத்தை அவர் கையில் கொடுத்துக் காட்டுங்கள். அந்தப் பட்டையில் ஏர் எப்படி இறங்குகிறது, மழை நின்றால் அங்கே ஈரம் எத்தனை நாள் நிற்கிறது என்று அவருக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது. ஆடு மேய்க்கும் அம்மாவிடம் கேளுங்கள். எந்த மேட்டில் ஓட்டாஞ்சல்லி அதிகம் என்று அவர் காலுக்குத் தெரியும்.

கோட்டின்மேல் நடந்து பாருங்கள். பானை ஓடு, பெருஞ்செங்கல் துண்டு, இரும்புக் கசடு, சுண்ணாம்புக் காரை ஆகியவை எங்கே தொடங்கி எங்கே முடிகின்றன என்று கைபேசியில் குறியுங்கள். பக்கத்தில் ஓர் அளவுகோலோ பேனாவோ வைத்துப் படம் எடுத்து, பொருளை இருந்த இடத்திலேயே விடுங்கள். ஒரு பானை ஓடு எந்த இடத்தில் கிடந்தது என்பதில்தான் அதன் மதிப்பே இருக்கிறது. பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தால் அது வெறும் ஓடு. தோண்டவே கூடாது, குச்சியால் கிளறக்கூடக் கூடாது. நாணயமோ வேறு மதிப்புள்ள பொருளோ மண்ணிலிருந்து வெளிப்பட்டால், 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி பத்து ரூபாய்க்கு மேற்பட்ட எதையும் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். நிலத்துக்காரருக்கும் இதைச் சொல்லிவையுங்கள். அவருக்கு உரிய பங்கை அந்தச் சட்டம் பேசுகிறது.

இனி எழுதி அனுப்ப வேண்டியதுதான். சென்னையில் உள்ள மாநிலத் தொல்லியல் துறைக்கு ஒரு கடிதம், வேலூர்க் கோட்டைக்குள் இருக்கும் அரசு அருங்காட்சியகத்துக்கு ஒரு நகல். கிராமம், வட்டம், புல எண், அட்சரேகை தீர்க்கரேகை, நான்கு பக்க அளவு, எந்தத் தேதிப் படங்களில் தெரிந்தது, எந்தத் தேதிப் படத்தில் தெரியவில்லை, ஊரார் சொல்லும் பெயர். தெரியாத படத்தின் தேதியைக் கட்டாயம் சேருங்கள். மழைக்குப் பிறகு மறைந்து வறட்சியில் திரும்பத் தெரியும் கோடுதான் மண்ணுக்குக் கீழே இருப்பது. கோட்டை என்று தீர்ப்பு எழுதாமல் கண்டதை மட்டும் எழுதுங்கள். அந்தக் கொல்லையில் எல்லைக்கல் நட்டு மனை பிரிக்கத் தொடங்கியிருந்தாலோ, கரையிலிருந்து சவுடு மண் அள்ளும் வண்டிகள் வந்துபோனாலோ, அதைக் கடிதத்தின் முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள். எந்த இடத்தை முதலில் வந்து பார்ப்பது என்று முடிவு செய்பவருக்கு அந்த ஒரு வரி தேவை.